பிணைதலும் செயற்படுதலும்: ஏற்பி என்னும் கருத்தின் வரலாறு (1878–1973)

முன்னுரை

ஒரு மருந்தோ நஞ்சோ உடலில் செயற்பட வேண்டுமாயின் அது ஏதேனும் ஒரு புரதத்துடன் பிணைய வேண்டும் என்பது இன்று பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. புரதத்தைப் பூட்டாகவும் பிணையும் மூலக்கூற்றைச் சாவியாகவும் உவமித்து விளக்குவதும் வழக்கம். ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர், ஒரு நொதி சில சர்க்கரைச் சேர்மங்களை மட்டும் தேர்ந்து சிதைப்பதை விளக்க 1894ஆம் ஆண்டில் கையாண்ட உவமை இது. தேர்வை விளக்க அது போதும். ஆனால் துளையில் சரியாகப் பொருந்திய சாவி சில வேளைகளில் ஏன் பூட்டைத் திறப்பதில்லை என்னும் வினாவை அவ்வுவமை எழுப்புவதேயில்லை. பிணைதல் வேறு, செயற்படுதல் வேறு என்னும் தெளிவு மருந்தியலில் உருவாக ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அத்தெளிவு உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

லாங்லியின் ஏற்புப் பொருள்

கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி, 1878இல் பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பை ஆராய்ந்தார். பைலோகார்ப்பின் சுரப்பைத் தூண்டியது. அட்ரோப்பின் அதனைத் தடுத்தது. ஒன்றன் விளைவை மற்றொன்று எவ்வளவு மாற்றும் என்பது இரண்டின் அளவையும் பொறுத்திருந்தது. எனவே இவ்விரண்டும் ஏதோ ஒரு பொருளுடன் போட்டியிட்டுச் சேர்கின்றன என லாங்லி கருதினார். அப்பொருள் எது என்று அவர் சொல்லவில்லை. சொல்வதற்கான சான்றும் அன்று இல்லை.

சான்று 1905இல் கோழியின் கால் தசையிலிருந்து கிடைத்தது. இச்சோதனையின் அருமையை உணர அதற்கு முந்தைய நிலையை அறிதல் வேண்டும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் பூசிய குராரே நஞ்சு நரம்பின் ஆணையைத் தசையை எட்டவிடாமல் செய்கிறது என்பதையும், அந்நிலையிலும் தசையை நேரடியாகத் தூண்டினால் அது சுருங்குகிறது என்பதையும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் காட்டியிருந்தார். ஆகவே குராரே நரம்பு முனையையே தாக்குகிறது என்பது பெரும்பாலோர் கொண்ட முடிவு. லாங்லி நரம்பை வெட்டினார்; அது முற்றும் சிதையுமாறு நாள்கள் பல காத்திருந்தார். அதன் பின்னும் நிக்கோட்டின் செலுத்தியவுடன் தசை சுருங்கியது. குராரே அச்சுருக்கத்தை நீக்கியது. நரம்பு முனையே இல்லாத இடத்தில் இரு நஞ்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. குராரே ஏற்ற தசையோ மின்தூண்டலுக்குத் தொடர்ந்து சுருங்கிற்று. எனவே நஞ்சுகள் சேருமிடம் நரம்பும் அன்று, சுருங்கும் பொருளும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. அதற்கே லாங்லி 'ஏற்புப் பொருள்' எனப் பெயரிட்டார்.

இச்சோதனையில் நிக்கோட்டினும் குராரேயும் ஒரே பொருளுடன் சேர்கின்றன. ஆனால் ஒன்று தசையை இயக்குகிறது, மற்றொன்று வாளாவிருக்கிறது. பிணைதலும் செயற்படுதலும் வேறு என்பதற்குரிய முதன்மைச் சான்று இங்கேயே கிடக்கிறது. எனினும் லாங்லியை அக்கருத்தின் முன்னோடி எனக் கூறுவது பின்னாளைய அறிவை முன்னாளில் ஏற்றிப் பார்ப்பதாகும். அவருடைய வினா 'எங்கே?' என்பது, 'பிணைந்த பின் என்ன?' என்பதன்று.

ஏர்லிக்கின் தயக்கம்

'ஏற்பி' என்னும் கலைச்சொல்லின் மூலம் பவுல் ஏர்லிக்கிடமிருந்து வந்தது. 1897இல் நச்சுப்பொருள்கள் உயிரணுவின் பக்கச்சங்கிலிகளுடன் பிணைகின்றன என்னும் கோட்பாட்டை வெளியிட்ட அவர், 1900இல் அவற்றை ஏற்பிகள் என அழைத்தார். ஆனால் மருந்துகளுக்கு இச்சொல்லை விரிக்க நெடுங்காலம் மறுத்தார். தொண்டை அடைப்பான் நச்சு திசுவை இறுகப் பற்றுகிறது. காரப்போலி மருந்துகளையோ கரைப்பான் கொண்டு எளிதில் பிரித்தெடுக்கலாம். எளிதில் பிரிவது எவ்வாறு பிணைப்பாகும் என்பது அவர் வாதம். பிணைப்பென்றால் உறுதியான வேதிப் பிணைப்பே என்னும் எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது. 1907இல் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். லாங்லியின் ஆய்வும், ஒரு வகை மருந்துக்குப் பழகிப்போன டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகள் வேறு வகை மருந்துக்கு மடிவதைத் தம் ஆய்வகத்தில் கண்டதும் அம்மாற்றத்திற்குக் காரணங்கள்.

அளவைக்குள் வந்த பிணைப்பு

லாங்லியின் மாணவரான ஏ. வி. ஹில், 1909இல் தவளையின் வயிற்றுத் தசையில் நிக்கோட்டினின் விளைவை அளந்து, மருந்தின் செறிவுக்கும் சுருக்கத்துக்குமுள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். பிணைப்பு மீளக்கூடியது, சேர்வதும் பிரிவதும் ஒரு சமநிலை என்பது அதன் உட்கிடை. ஏர்லிக்கைத் தடுத்த இடர்ப்பாடு இங்கே தானாகவே மறைகிறது. இவ்வழியை 1926இல் ஏ. ஜே. கிளார்க் விரிவாக்கினார். தவளையின் இதயத்தில் அசிட்டைல்கோலின் செயற்படுவதற்கு வேண்டிய மூலக்கூறுகள் உயிரணுப் பரப்பின் மிகச் சிறு பகுதியையே மூடக்கூடியன எனக் கணக்கிட்டு, ஏற்பிகள் பரப்பெங்கும் இல்லை, குறிப்பிட்ட சில இடங்களிலேயே உள்ளன என்றார்.

கிளார்க்கின் கணக்கிற்கு ஓர் அடிப்படைக் கொள்கை தேவைப்பட்டது: நிரம்பிய ஏற்பிகளின் விகிதமே விளைவின் விகிதம். எளிமையும் பயனும் உடைய இக்கொள்கை ஒரு தலைமுறையின் சிந்தனையைக் கட்டிப்போட்டது என்பதே என் மதிப்பீடு. பிணைதலும் பிணைந்தபின் விளைவித்தலும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பது கிளார்க்குக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவருடைய சமன்பாட்டில் இரண்டாவது ஆற்றலுக்கு இடமில்லை.

இரண்டாவது ஆற்றல்

அவ்விடத்தை 1954இல் நெதர்லாந்தின் ஆரியன்ஸும் 1956இல் எடின்பரோவின் ஸ்டீஃபன்சனும் அளித்தனர். ஸ்டீஃபன்சன் சீமைப் பெருச்சாளியின் சிறுகுடலில் ஒரு வரிசைச் சேர்மங்களைச் சோதித்தார். எல்லாம் ஒரே தலைப்பகுதியும், நீளம் மட்டும் மாறும் கார்பன் வாலும் உடையவை. குறுகிய வாலுடையவை குடலை முழுமையாகச் சுருக்கின. நெடிய வாலுடையவை சுருக்காமல் பிறவற்றின் செயலைத் தடுத்தன. இடைப்பட்டவை எவ்வளவு செறிவிலும் அரைகுறையாகவே சுருக்கின, முழு ஆற்றலுடைய மருந்தோடு சேர்ந்தபோது அதற்குத் தடையாகவும் நின்றன. பிணைப்பு மட்டுமே செயலைத் தீர்மானிக்குமாயின் இந்த அரைநிலை இருக்கவே இயலாது. எனவே ஏற்பியைப் பற்றும் நாட்டம் ஒன்று, பற்றியபின் இயக்கும் வினைத்திறன் மற்றொன்று என அவர் பிரித்தார். சில ஏற்பிகளை நிரப்பினாலே முழு விளைவும் வரலாம் என்பதும் இதனுடன் பெறப்பட்டது. 1957இல் டெல் காஸ்டில்லோவும் காட்ஸும் இதனை இரு படிகளாக எழுதினர்: முதலில் சேர்தல், பின்னர் ஏற்பி வடிவம் மாறி இயங்குநிலை அடைதல். புரதம் இரு நிலைகளுக்கிடையே ஊசலாடுகிறது, பிணையும் மூலக்கூறு ஒரு நிலையை வலுப்படுத்துகிறது என்னும் மோனோ, வைமன், ஷான்ஷோ ஆகியோரின் 1965ஆம் ஆண்டுக் கோட்பாடு இதற்குப் புரத வேதியியலின் அடித்தளத்தைத் தந்தது.

ஏற்பி கைக்கு அகப்படுதல்

இத்தனைக்கும் ஏற்பியை அன்றுவரை எவரும் கண்டதில்லை. அட்ரினலின் ஏற்பிகளை 1948இல் ஆல்ஃபா, பீட்டா எனப் பகுத்த ஆல்குவிஸ்ட்டே அவற்றைக் கருத்தளவிலான பொருள்களாகவே நெடுநாள் கருதினார். அப்பகுப்பைப் பற்றிக்கொண்டுதான் ஜேம்ஸ் பிளாக் இதயநோய்க்குரிய புரொப்ரனலால் மருந்தை உருவாக்கினார் என்பது நினைக்கத்தக்கது.

ஏற்பியைப் பிரித்தெடுக்க எளிதில் விட்டுப்பிரியாத ஒரு பற்று வேண்டியிருந்தது. அது கட்டுவிரியன் பேரினத்தைச் சேர்ந்த தைவான் பாம்பின் நஞ்சிலிருந்து வந்தது. 1963இல் சாங், லீ என்னும் தைவான் ஆய்வாளர்கள் பிரித்த ஆல்ஃபா பங்காரோடாக்சின், குராரே போலவே தசையை முடக்கியது. ஆனால் குராரேயைப் போல விட்டுப் பிரியவில்லை. 1970இல் பாரிஸில் ஷான்ஷோ, கசாய், லீ ஆகியோர் மின்விலாங்கின் மின்னுறுப்பில் இந்நச்சைச் செலுத்தி, அசிட்டைல்கோலின் ஏற்பியை ஒரு புரதமென அடையாளங்கண்டனர். மின்விலாங்கும் குராரே பிறந்த தென்னமெரிக்காவுக்கே உரியது என்பது தற்செயலே. தற்செயல் அல்லாதது ஒன்றுண்டு: லாங்லியின் ஏற்புப் பொருளைப் பிடித்துக் காட்டியது ஏற்பியை இயக்கும் மூலக்கூறு அன்று, இறுகப் பற்றிக்கொண்டு எதையும் இயக்காத மூலக்கூறு. 1973இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மார்ஃபின் ஏற்பியை மூளைத் திசுவில் காட்டியபோதும் அவர்கள் கதிரியக்கக் குறியிட்டுப் பயன்படுத்தியது மார்ஃபினை அன்று. அதன் இடத்தில் அமர்ந்து அதன் செயலைத் தடுக்கும் நலாக்சோனையே.