வாளித் தக்காளியும் அன்னபேதி உப்பும்

மண்ணே இல்லாம பால்கனியில தக்காளி வளர்க்கப் போறேன்னு கிளம்பினப்போ வீட்ல யாரும் தடுக்கல. இவன் கூத்து எத்தனையோ பாத்தாச்சு, இதையும் பாப்போம்ங்கற பெருந்தன்மை. ரெண்டு காலி பெயின்ட் வாளி, மீன்தொட்டி பம்பு ஒண்ணு, உரக்கடையில வாங்கின உப்பு வகையறா, ஒரு ஈ.சி. மீட்டர். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்சமெல்லாம் வாளி பக்கத்துலதான்.

மூணாவது வாரம் கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாச்சு. நரம்பு மட்டும் பச்சை. அடி இலைங்க ஜம்முனு இருக்கு. மீட்டரை முக்கிப் பாத்தா அளவு கரெக்டா காட்டுது. கொழுந்து இப்படி வெளுத்தா இரும்புச் சத்து குறைவுன்னு படிச்சிருக்கேன். ஆனா அன்னபேதி உப்பு (அதாங்க, இரும்பு சல்பேட்) என் கையாலதான் போட்டேன்! இன்புட் சரி, அவுட்புட் தப்பு. இந்த பக்கைத் தேடிப் போய்தான் 160 வருஷத்துக்கு மேலான ஒரு கதைக்குள்ள விழுந்தேன்.

கதை ஜெர்மனியில ஆரம்பிக்குது. 1860ல ஜூலியஸ் சாக்ஸ்ங்கற தாவரவியல் விஞ்ஞானி, செடிக்கு மண்ணு வேண்டாம், தண்ணியில சரியான உப்புகளைக் கரைச்சுக் குடுத்தா போதும்னு செஞ்சு காட்டி செய்முறையையும் வெளியிட்டார். 1865ல வில்ஹெல்ம் க்னோப் அதை இன்னும் எளிமையாக்கினார். கால்சியம் நைட்ரேட் நாலு பங்கு. பொட்டாசியம் நைட்ரேட் (நம்ம வெடியுப்பு), பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட் மூணும் ஒவ்வொரு பங்கு. கொஞ்சூண்டு இரும்பு. அவ்ளோதான். காத்துலயும் தண்ணியிலயும் கிடைக்கற கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜனையும் சேத்து செடிக்கு மொத்தம் 10 தனிமம் போதும்னு ரொம்ப காலம் எல்லாரும் நம்பினாங்க. நம்பாம என்ன? செடிதான் வளர்ந்துச்சே.

இங்கதான் மேட்டர். அந்தக் காலத்து உப்பு எதுவுமே சுத்தமில்லை. வெடியுப்புல துளி போரான், சல்பேட்ல துளி துத்தநாகம்னு ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருந்தது. தண்ணி, பாத்திரத்துல இருந்தும் கொஞ்சம் வந்திருக்கும். அந்த அழுக்குதான் செடிக்கு மிச்ச சாப்பாட்டைப் போட்டிருக்கு! நம்ம தொழில்ல 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்வோமே, அதேதான். யாரோ எப்பவோ போட்டு வச்ச ஒரு லைப்ரரி சத்தமில்லாம வேலை செஞ்சிட்டு இருக்கும். புது மெஷின்ல ஏத்தினாத்தான் குட்டு வெளிப்படும்.

இங்க புது மெஷின்னா சுத்தமான உப்பு. உப்பு சுத்தமாக ஆக, செடி படுக்க ஆரம்பிச்சுது. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல கேத்தரின் வாரிங்டன் 1923ல அவரைச் செடி இனத்துல ஒண்ணை வச்சு, போரான் இல்லாம அது பிழைக்காதுன்னு காட்டினார். 1926ல கலிபோர்னியாவுல சாமர், லிப்மன் ரெண்டு பேரும் துத்தநாகத்தைப் பட்டியல்ல சேத்தாங்க. 1939ல ஆர்னன், ஸ்டவுட் மாலிப்டினத்தைக் கண்டுபிடிச்சாங்க. அது தேவைப்படற அளவு, 10 கோடி பங்குல 1 பங்கு! கடைசியா 1987ல நிக்கல். அதுக்கு பார்லியை மூணு தலைமுறை நிக்கல் இல்லாம வளர்க்க வேண்டியிருந்தது. ஏன்னா தாத்தா விட்டுட்டுப் போன சொத்து மாதிரி, விதைக்குள்ளயே கொஞ்சம் நிக்கல் இருந்து பேரனைக் காப்பாத்திட்டு இருந்தது.

நடுவுல கலிபோர்னியாவுல ஒரு சண்டை. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். பெர்க்லி பல்கலைக்கழகத்துல வில்லியம் கெரிக்னு ஒருத்தர். தண்ணியில பயிர் வளர்க்கறதை சோதனைக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுவந்து விவசாயமாவே பண்ணலாம்னு 1929லயே எழுதினவர். தன் வீட்டுத் தோட்டத்துல 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடி ஏத்திக் காட்டினார். பத்திரிகைக்காரங்க விடுவாங்களா? ஊரெல்லாம் அதே பேச்சு. 1937ல 'ஹைட்ரோபோனிக்ஸ்'னு பேரும் வச்சார். கிரேக்கத்துல தண்ணி, உழைப்புன்னு ரெண்டு சொல்லைச் சேத்தது. 1938ல பசிபிக் நடுவுல வேக் தீவுல, பான் அமெரிக்கன் விமானப் பயணிகளுக்குக் காய்கறி இந்த முறையிலதான் வளர்ந்தது.

பல்கலைக்கழகம் கெரிக்கிட்ட அந்தச் செய்முறையைக் கேட்டது. நான் என் வீட்ல என் நேரத்துல செஞ்சது, தர முடியாதுன்னுட்டார். சனி ஞாயிறுல வீட்ல உக்காந்து எழுதின கோடை கம்பெனி தன்னோடதுன்னு கேட்டா வயிறு எரியுமா எரியாதா? என் ஓட்டு கெரிக்குக்குத்தான். கடைசியில அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து, 1940ல தனியா புத்தகம் போட்டார்.

பல்கலைக்கழகம் சும்மா இருக்கல. ஹோக்லாண்ட், ஆர்னன் ரெண்டு பேரையும் விட்டு ஆராயச் சொன்னது. அவங்க 1938ல போட்ட சுற்றறிக்கை எண் 347, சத்துக் கரைசலை முழு செய்முறையோட எல்லாருக்கும் தந்தது. தழைச்சத்து லிட்டருக்கு 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200, பாஸ்பரஸ் 31... இன்னைக்கும் உலகம் பூரா சோதனைக்கூடங்கள்ல ஹோக்லாண்ட் கரைசல்னா இதை வச்சு வந்ததுதான். அதுலயே இன்னொண்ணும் சொன்னாங்க: நல்ல மண்ணுல அதே கவனிப்போட வளர்த்தா விளைச்சல் கிட்டத்தட்ட சமம், எல்லாப் பயிருக்கும் பொருந்தற மந்திரக் கரைசல்னு ஒண்ணு கிடையாது. கெரிக் பொத்திப் பொத்தி வச்ச செய்முறையில அப்படி ஒரு புதையல் இல்லைங்கறதுதான் சோகம்.

ஆனா ஹோக்லாண்டுக்கும் இரும்பு தண்ணி காட்டுச்சு. கரைசல்ல பாஸ்பேட் இருக்கு. இரும்பு அதோட சேந்து கரையாத வண்டலா அடியில உக்காந்துடும். பி.எச். ஏறினா ஹைட்ராக்சைடாவும் மாறி இன்னும் சீக்கிரம் உக்காரும். அதனால இரும்பு டார்டரேட்டை வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை திரும்பத் திரும்ப ஊத்தச் சொன்னாங்க. 1951லதான் அதே பெர்க்லியில ஜேக்கப்சன், இரும்பை ஈ.டி.டி.ஏ.ங்கற மூலக்கூறோட பிணைச்சு ஒரே தடவை போட்டாலே போதும்னு காட்டினார். அந்த மூலக்கூறு நண்டு கொடுக்கு மாதிரி இரும்பைக் கவ்விக்கிட்டு பாஸ்பேட் கையில சிக்க விடாது.

என் வாளியில இருந்தது போர் தண்ணி. பி.எச். தாள் முக்கிப் பாத்தா 8ஐத் தொடுது. நான் போட்ட அன்னபேதி அத்தனையும் அடியில செம்மண் நிறத்துல படிஞ்சு கிடந்தது. ஈ.சி. மீட்டருக்கு மொத்த உப்புதான் தெரியும், எந்த உப்புன்னு தெரியாது. அதுல இரும்போட பங்கு வேற துளியூண்டு, இருந்தாலும் இல்லாட்டியும் முள்ளு அசையாது. ஒரு வாரமா அதை நம்பி உக்காந்திருக்கேன், புத்திசாலி!

வாளியைக் கழுவி, பி.எச்.சை 6க்கு இறக்கி, உரக்கடையில பிணைச்ச இரும்பு கேட்டு வாங்கிப் போட்டேன். அஞ்சு நாள் கழிச்சு வந்த கொழுந்து பச்சை. பழைய மஞ்சள் இலைங்க இன்னும் அப்படியேதான் இருக்கு. வீட்ல வர்றவங்க எல்லாரும் கரெக்டா அதைத்தான் பாத்துட்டு என்னாச்சுன்னு கேக்கறாங்க :-)