களத்துமேட்டுக் கணக்கு

எர்ணாவூரில் நெல் விளைகிறதா என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், சுற்றிலும் ஆலைகளும் லாரிகளும். ஆயினும் தஞ்சை மண்ணின் அறுவடைக்கும் இந்தக் கரைக்கும் ஓர் உறவு உண்டு. 1948-ல் தோன்றி எண்ணூரில் ஆலை கண்ட அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்ஜின் செய்த அந்தக் கம்பெனியின் என்ஜின்களே, பஞ்சாபில் செய்யப்படும் பல நெல் அறுவடை யந்திரங்களிலும் இருந்து உறுமுகின்றன.

அந்த யந்திரம் எல்லா வயலிலும் இறங்கிவிடுமா? இறங்காது. அதற்கும் நிலம் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு இடம் பார்ப்பது போல.

முதலில் பார்க்க வேண்டியது ஈரம். தையில் சம்பா அறுக்கும்போது மழை ஓய்ந்து தரை இறுகியிருந்தால் டயர் வண்டி தாராளமாக ஓடும். புரட்டாசியில் குறுவை அறுக்கும்போதோ, களிமண் இளகிக் கிடக்கும், டயர் புதைந்துவிடும். அங்கே பெல்ட் வண்டிதான் வேண்டும், வாடகையும் கூடுதல். அடுத்து வயலின் அளவு. இருபது மா கொண்டது ஒரு வேலி என்பது தஞ்சைக் கணக்கு. வேலிக்கணக்கில் ஒரே பரப்பாகக் கிடந்தால் யந்திரத்துக்குக் கொண்டாட்டம். அரை மாவும் ஒரு மாவுமாக வரப்புகள் குறுக்கிட்டால், அறுப்பதைவிடத் திரும்புவதற்கே பொழுது போய்விடும். மூன்றாவது, பாதை. அடுத்தவர் பயிரை மிதிக்காமல் வண்டி வயலுக்கு வர வேண்டுமே! நான்காவது, பயிர். காற்றிலும் மழையிலும் சாய்ந்த நெல்லை அரிவாள் ஏந்திய கை பக்குவமாகத் தூக்கி அறுக்கும். யந்திரம் பாதியைச் சிந்திவிடும். அறுவடைக்குச் சில நாள் முன்பு நெற்பயிருக்குள்ளேயே உளுந்து தெளிக்கும் வழக்கமும் டெல்டாவில் உண்டு. முளைத்து நிற்கும் அந்த இளஞ்செடிக்கு வண்டிச் சக்கரம் யமன்.

இந்த நான்கும் மண்ணைப் பற்றிய கேள்விகள். ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அது மனிதரைப் பற்றியது.

1763-ல் சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் அந்தச் சீமையை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். அந்த ஏடுகளில் ஏரியும் நஞ்சையும் புஞ்சையும் மட்டும் இல்லை. களத்தில் குவிந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்பதும் பதிவாயிற்று. வரி வாங்க வந்தவர்களின் கணக்குதான் அது. எனினும் ஒரு குவியல் நெல்லை எத்தனை வாய்கள் எதிர்பார்த்திருந்தன என்பதை அது சொல்லாமல் விடவில்லை.

அந்தப் பழைய களம் பொற்காலம் என்று மயங்க வேண்டாம். சாதிக்குத் தக்கபடிதான் மரக்கால் நிறைந்தது. உழுது, நட்டு, அறுத்தவனுக்குக் கிடைத்ததோ அடிக்களத்து மிச்சம். அந்தக் கூலி நெல்லைச் சற்றே உயர்த்திக் கேட்டதால் மூண்ட பகைதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தீயாக எரிந்தது. ஒரே குடிசைக்குள் 44 பேர் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மறு ஆண்டு, 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஒரு மரக்கால் நெல்லுக்கு என்ன விலை என்பதை நாடு இவ்வளவு கொடுத்துத்தான் அறிந்தது.

இன்று டெல்டாவில் யந்திரம் அறுக்கிறது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை என்கிறார் நிலக்காரர், பொய்யில்லை. குனிந்து அறுத்தவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அரிவாளை விட்டு வெளியேறியவனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. நிலமில்லாத வீட்டுப் பெண்களில் பலர் ஊரிலேயே இருக்கிறார்கள். அறுவடைக் கூலியாக வந்த நெல்தான் அவர்கள் வீட்டுக் குதிரை நிரப்பியது. பத்து நாள் வேலையை யந்திரம் ஒரு பகலில் முடித்துவிட்டுப் போகிறது. குதிர் காலியாகவே நிற்கிறது.

யந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முதுகு ஒடிய அறுப்பதில் புனிதம் ஒன்றுமில்லை. பருவம் தப்பிய மழைக்கு முன்னே நெல்லை வீடு சேர்ப்பது பெரிய உதவிதான். ஆனால் எந்த நிலம் யந்திரத்துக்கு ஏற்றது என்று அளக்கப் போகிறவர்கள், ஈரத்துக்கும் வரப்புக்கும் பாதைக்கும் ஒவ்வொரு பத்தி போட்டுக் கணக்கு எழுதும்போது, இந்த ஊரில் அறுவடைக் கூலியை நம்பிய வீடுகள் எத்தனை, அவற்றுக்கு மாற்று வேலை என்ன என்று இன்னுமொரு பத்தியும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு வரிக்காக அளந்தவர்களே களத்தில் நின்றவர்களை எண்ணி எழுதினார்கள். நம்முடைய ஜனங்களுக்காக அளக்கும் நாம் அதைக்கூடச் செய்ய வேண்டாமா?