வீட்டு மேசையில் ஒரு மிதவை விமானம்

தில்லியில் மார்கழியும் தையும் மூடுபனியின் மாதங்கள். சென்னைக்கோ மதுரைக்கோ செல்லச் சீட்டு வாங்கிக்கொண்டு, விமானம் எப்போது கிளம்பும் என்று அறியாமல் நிலையத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்த அனுபவம் இந்நகர்வாழ் தமிழரில் பலருக்கு உண்டு. அத்தகைய ஒரு காலைப் பொழுதில் பயணம் நின்றுபோய் வீடு திரும்பிய நாம், பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, மேசைமீதிருந்த கணினியின் முன் அமர்ந்தோம். பத்து நிமிடங்களுக்குள், அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய மிச்சிகன் ஏரியில், ஏறக்குறைய நூறாண்டு முதுமை வாய்ந்த ஒரு சிறு விமானத்தின் ஆசனத்தில் இருந்தோம். சக்கரங்களுக்குப் பதிலாக இரு மிதவைகளைக் கால்களாகக் கொண்ட விமானம் அது.

ஆங்கிலத்தில் ஃபிளைட் சிமுலேட்டர் என்று வழங்கும் இதனைப் பறப்புப் பாவனைக் கருவி என்று கூறலாம். விமானத்தின் எடை, சிறகின் அளவு, எஞ்சினின் வலிமை, காற்றின் வேகம் முதலியவற்றை எண்களாக ஏற்றுக்கொண்டு, இந்த விமானம் இந்த நொடியில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கணினி கணித்துக்கொண்டே போகிறது. கணித்ததைத் திரையில் காட்சியாக வரைகிறது. இஃது ஒரு விளையாட்டுதான். ஆயினும் இவ்விளையாட்டினுள் இரண்டு வரலாறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டியவர்களின் வரலாறு. மற்றொன்று, தரையைவிட்டு எழாமலே பறக்கக் கற்பித்தவர்களின் வரலாறு. இவ்விரண்டையும் தொடர்ந்து பார்த்தால், மேசையில் நாம் கண்டதில் எது மெய், எது பாவனை என்பது ஒருவாறு தெளிவாகும்.

முதலில் மிதவை விமானத்தைப் பற்றிச் சிறிது. பிரெஞ்சு நாட்டில் மார்சேய் நகரத்துக் கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆன்ரி ஃபாப்ர் என்பவர், 1910-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், பெர் என்னும் உப்பங்கழியின் நீர்ப்பரப்பிலிருந்து தாமே வகுத்த விமானத்தில் எழுந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தூரம் பறந்து மீண்டும் நீரிலேயே இறங்கினார். எஞ்சினின் பலத்தால் நீரிலிருந்து எழுந்த முதல் விமானம் அதுவே. அதற்கு முன் ஃபாப்ர் விமானம் எதையும் ஓட்டியதில்லை! மறு ஆண்டு அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ், சான் டியேகோவில் இன்னும் செம்மையான மிதவை விமானத்தைப் பறக்கவிட்டார். இவற்றோடு படகு விமானத்தைக் கலந்து எண்ணலாகாது. படகு விமானத்தில் விமானத்தின் உடலே படகாக அமைந்திருக்கும். 1938-இல் கல்கத்தாவின் ஹூக்ளி நதியிலும் ராஜஸ்தானத்து ராஜ்சமந்து ஏரியிலும் இறங்கிய இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களும், இரண்டாம் உலகப் போரில் சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியைத் தளமாகக் கொண்டு வங்கக் கடலைக் காவல் புரிந்த கேட்டலினாக்களும் படகு விமானங்களே. அவை அரசுகளும் பெருங்குழுமங்களும் ஆண்டவை. நமது கதையோ மோட்டார் சைக்கிள் எஞ்சினை நம்பிப் பறந்தவர்களைப் பற்றியது.

சிகாகோவில் எட்வர்ட் ஹீத் என்றொருவர் விமானப் பட்டறை வைத்திருந்தார். முதல் உலகப் போர் முடிந்து, படைக்கு வேண்டாத விமானப் பகுதிகள் மலிவாகக் கிடைத்த காலம். தாமஸ் மார்ஸ் என்னும் படை விமானத்தின் கீழ்ச்சிறகுகளை வாங்கி, அவற்றை விமானியின் தலைக்கு மேலே குடைபோல் பொருத்தி, 1926-இல் ஓர் ஒற்றை ஆசன விமானத்தை அவர் செய்தார். வெயிற்குடை என்று பொருள்படும் பாரசோல் என்பதே அதன் பெயராயிற்று. அதற்கு எஞ்சின், ஹெண்டர்சன் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தது. வலிமை முப்பது குதிரைத்திறனுக்கும் குறைவு. பின்னர் ஹீத் முழு விமானங்களை விற்றதோடு நிற்கவில்லை. மரக்கட்டை, எஃகுக் குழாய், துணி, ஆணி எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து, எஞ்சின் நீங்கலாக 199 டாலருக்கு அனுப்பினார். வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பண்ணையாட்களும் பட்டறைத் தொழிலாளரும் இவ்வாறு விமானச் சொந்தக்காரர் ஆயினர். ஏரிகள் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தோர் சிலர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பூட்டினர். ஓடுபாதை தேடி அலைய வேண்டாம். நீர் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் எளிது, செயல் எளிதன்று. மலிவான இறக்கைகளின் விலையைச் சிலர் உயிராகக் கொடுத்தனர். ஹீத்தே 1931-இல், தாம் புதிதாக வகுத்த தாழ்சிறகு விமானமொன்றைச் சோதித்துப் பறக்கையில் விழுந்து இறந்தார்.

இதற்குள் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் நகரில் மற்றொரு கதை தொடங்கியிருந்தது. எட்வின் லிங்க் என்ற இளைஞரின் தந்தையார் ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்குப் பறப்பதில் தீராத மோகம்; பாடம் கற்கும் கட்டணமோ மிக அதிகம். ஆர்கனை ஒலிக்கச் செய்வது துருத்தியிலிருந்து வரும் காற்று. அதே துருத்திகளின் மீது ஒரு சிறு பெட்டியை ஏற்றி, உள்ளே அமர்பவர் கோலை அசைத்தால் பெட்டி சாயவும் நிமிரவும் திரும்பவும் ஆகுமாறு 1929-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்தார். விமானப் பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தாம் வாங்கின! காசு போட்டுக் குழந்தைகள் ஏறி ஆடும் பொறியாக அது சில ஆண்டுகள் காலம் கழித்தது.

1934-இல் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு, விமானத் தபால் பணியைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து எடுத்துப் படையினரிடம் ஒப்புவித்தது. குளிர்காலம், மேகமும் பனியும். கண்ணால் தரையைப் பார்த்துப் பறந்தே பழகிய படை விமானிகள், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அறியாமல், சில வாரங்களில் ஒருவர்பின் ஒருவராக விழுந்து மாண்டனர். பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அப்போதுதான் லிங்க்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. அதனை விளக்குவதற்காக நியூவார்க் நகருக்கு அழைக்கப்பட்ட லிங்க், எவரும் பறக்கத் துணியாத மூடுபனியில், தாம் கருவிகளைப் பார்த்துப் பறந்து பழகிய துணிவொன்றையே நம்பித் தம் விமானத்தில் வந்து இறங்கினார். காத்திருந்த அதிகாரிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகளைப் படை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பெட்டிகள் செய்யப்பட்டன. இன்று தில்லிப் பனியில் நம்மை ஏற்றிக்கொண்டு இறங்கும் விமானி, அந்தப் பெட்டியின் வழிவந்த பெரும் பாவனைக் கருவியில் இதே பனியைப் பலமுறை கண்டவரே ஆவார்.

இக்கருவி வீட்டுக்கு வந்தது எவ்வாறு? இலினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆர்ட்விக், 1975-இல் பறப்புக் காட்சியைக் கணினித் திரையில் வரைவது பற்றிய தம் ஆய்வேட்டை எழுதினார். 1980-இல் ஆப்பிள் கணினிக்கான அவரது பாவனை நிரல் கடைகளில் விற்கலாயிற்று. கோடுகளால் வரைந்த தரை, கோடுகளால் வரைந்த மலை, அவ்வளவே. 1982-இல் அதன் வழிவந்ததொன்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. அதில் அமர்வோர் முதலில் தம்மைக் காண்பது சிகாகோவில், மிச்சிகன் ஏரிக் கரையிலிருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்னும் சிறு விமான நிலையத்தில்.

இடையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹீத் மறைந்த பின் அவரது நிறுவனம் நொடித்தது. 1935-இல் ஹவர்ட் ஆந்தனி என்பவர் அதனை வாங்கினார். இரண்டாம் போர் முடிந்ததும், மிஞ்சிய மின்னணுப் பொருள்களை மலிவாக வாங்கி, 1947-இல் அலைகாட்டிக் கருவி ஒன்றைப் பகுதி பகுதியாகப் பெட்டியில் அடைத்து விற்றார். முதற்போரின் மிச்சத்தில் பாரசோலைச் செய்த நிறுவனம், இரண்டாம் போரின் மிச்சத்தில் மறுபிறவி எடுத்தது. ஹீத்கிட் என்ற பெயரில் வானொலிப் பெட்டியைத் தாமே பூட்டி மகிழ்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. நேயர்களுள்ளும் சிலர் இருக்கக்கூடும். 1977-இல் அதே நிறுவனம், வீட்டில் பூட்டிக்கொள்ளும் கணினியையும் விற்றது. பாரசோலை அனுப்பிய பெயரே கணினியையும் அனுப்பிற்று!

இனி ஏரிக்குத் திரும்புவோம். அங்கே நமக்காகக் காத்திருந்தது, ஆர்வலர் ஒருவர் பழைய வரைபடங்களை வைத்து எண்களால் வடித்த, மிதவை பூட்டிய பாரசோல். விசையொன்றை அழுத்தினோம்; எஞ்சின் முழங்கிற்று. மெய்யான பாரசோலில் இது நடவாது. விமானி மிதவையின் மேல் நின்று, சுழல் விசிறியைக் கையால் வலித்துத் திருப்ப வேண்டும். எஞ்சின் உயிர்பெற்ற அந்தக் கணமே விமானம் நகரத் தொடங்கிவிடும். நீரில் தடை போட ஏது வழி? கால் வழுக்கினால் முன்னே விசிறி, கீழே ஏரி. ஆசனத்துக்குத் தாவி ஏறுவதற்குள் விமானம் தன் விருப்பப்படி காற்றை நோக்கி முகம் திருப்பிக்கொள்ளும். இவை யாவும் நம் மேசையில் ஒரு விரலசைவில் அடங்கிப்போயின.

விசையை முழுதும் திறந்து எழ முயன்றோம். மிதவைகள் நீரை உழுதன, முகப்பு உயர்ந்தது, வேகமோ ஏறவில்லை. மிதவையின் அடிப்புறத்தில் நடுவே படிபோன்ற ஒரு வெட்டு உண்டு. நீர் மரத்தைப் பற்றி இழுக்கும் இயல்புடையது. அந்தப் படியில் நீரோட்டம் அறுபட்டு, பின்பகுதி நீரை விட்டு விலகினால்தான் மிதவை மேலெழுந்து வழுக்கி ஓடும். அந்நிலையை எட்டும் முன் ஒரு மேடு இருப்பதாக விமானிகள் சொல்லுவர். வலிமை குறைந்த எஞ்சின், காற்றில்லாத நாளில் அந்த மேட்டைத் தாண்டவே தாண்டாது. அன்று நாமும் தாண்டவில்லை. ஏரியில் வட்டமிட்டு நாமே அலை எழுப்பி, அவ்வலைகளின் மேல் மீண்டும் ஓடிப் பார்ப்பது பழைய விமானிகளின் உபாயம். கோலைப் பக்கவாட்டில் சாய்த்து முதலில் ஒரு மிதவையை மட்டும் நீரிலிருந்து பிடுங்குவது மற்றோர் உபாயம். இரண்டாவது பலித்தது. முதலாவது பலிக்கவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. நாம் பயன்படுத்திய கருவி மிதவையை நீரைத் தொடும் சில புள்ளிகளாக மட்டுமே கணக்கிடுகிறது. நம் விமானம் எழுப்பும் அலை அதன் கணக்கில் இல்லை.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. திரையில் பறக்கும் பழைய விமானம், எண்களால் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூலே. பாரசோலின் எடையும் அளவும் ஆவணங்களில் உண்டு. அவற்றைச் சார்ந்து கருவி சொல்லுவதை நம்பலாம். குறைந்த எஞ்சினோடு அவ்வளவு மெதுவாகப் பறக்கும்போது சிறு காற்றும் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை எந்தப் புத்தகமும் நமக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை. நீரின் பிடியோ எவராலும் அளந்து குறிக்கப்படவில்லை. அங்கே வடித்தவரின் ஊகமே பேசுகிறது. ஆசிரியர் எந்த இடத்தில் ஊகிக்கிறார் என்று அறியாமல் படித்தால் நல்ல நூலும் தவறான வழி காட்டிவிடும். நாமும் அன்று அலையெழுப்பும் உபாயம் வெறுங்கதை என்று முடிவுகட்டவிருந்தோம்.

ஆனால் இறங்கும்போது வேறொன்று நிகழ்ந்தது. அலையற்ற நீரில் இறங்குவதே மிதவை விமானிக்குப் பேராபத்து. கண்ணாடிபோல் கிடக்கும் நீரில் உயரம் தெரியாது. பத்தடி மேலே இருக்கிறோமா நூறடி மேலே இருக்கிறோமா என்று கண் சொல்லாது. நீர் இன்னும் கீழே இருக்கிறது என்று எண்ணி முகப்பால் மோதியவர் உண்டு. தொட்டுவிட்டோம் என்று எண்ணி உயரத்திலேயே வேகத்தை இழந்து வீழ்ந்தவரும் உண்டு. தட்டையான திரையில் ஆழம் காணும் ஆற்றல் நம் கண்களுக்கு இல்லையாதலால், கணினியில் எல்லா நீரும் கண்ணாடி நீரே! மும்முறை மோதி மூழ்கினோம். வீட்டுச் சிறுவன், "தாத்தா, இன்னும் எத்தனை விமானம் வாங்கித் தரணும்?" என்று கேட்டான்.

நான்காம் முறை, விமானிகள் வகுத்த முறையைக் கைக்கொண்டோம். உயரத்தை அறிய உதவும் கரையோரத்தை ஒட்டியே தாழ்ந்து, இருநூறு அடி உயரத்தில் முகப்பை இறங்கும் நிலைக்கு உயர்த்தி, எஞ்சினைச் சிறிதளவு இயங்கவிட்டு, நிமிடத்துக்கு நூற்றைம்பது அடிக்கு மேற்படாமல் இறங்குமாறு அமைத்துவிட்டு, நீரைப் பார்க்கவே இல்லை. கருவிகளை மட்டும் பார்த்தோம். கையை அசைக்காமல் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரிந்தது. கண் பொய் சொல்லும்போது கருவியை நம்பி அமைதியாக இருத்தல். 1934-இன் விமானிகள் கல்லாமல் மாண்ட பாடம் அதுவன்றோ? ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. மிதவைகள் நீரைத் தொட்ட ஓசை மெல்லக் கேட்டது.

எஞ்சினை நிறுத்தினோம். விமானம் தானாகக் காற்றை நோக்கித் திரும்பி மிதந்தது. கரையில், பழைய நிரலில் வரைந்தபடியே, மெய்க்ஸ் ஃபீல்டின் ஓடுபாதை தெரிந்தது. உண்மையில் அது அங்கே இல்லை. 2003-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஓரிரவு, நகரத் தலைவரின் ஆணையால் அதன்மீது பெருக்கற்குறி வடிவில் பள்ளங்கள் தோண்டப்பட்டன. இப்போது அவ்விடம் பூங்காவாக உள்ளது. அதன் பக்கத்து நீர் மட்டும் அப்படியே இருக்கிறது. நீரிலிருந்து முதன்முதல் எழுந்த ஃபாப்ர், நூற்றொரு வயது வாழ்ந்து 1984-இல் காலமானார். வீட்டுக் கணினியில் விமானம் பறந்த முதல் சில ஆண்டுகளில் அவர் உயிரோடிருந்தார். மறுநாட் காலை பனி விலகிற்று. நாமும் பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டோம்.