ஃபைஸ் அகமது ஃபைஸ்: ஆசிரியர் மேசையிலிருந்து சிறைக்கூடத்துக்கு

1951 மார்ச் 9ஆம் திகதி அதிகாலையில் லாகூரில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் வீட்டுக்கு ஆயுதந்தாங்கிய பொலிஸார் வந்தனர். 'பாகிஸ்தான் டைம்ஸ்' நாளேட்டின் பிரதம ஆசிரியர், உருதுக் கவிஞர், மார்க்ஸியவாதி, தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவர் என்று பல முகம் கொண்ட ஃபைஸ் அகமது ஃபைஸ் அன்று கைதுசெய்யப்பட்டார். அரசைக் கவிழ்க்க இராணுவ அதிகாரிகளோடு கூடிச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அதுவே ராவல்பிண்டிச் சதி வழக்கு.

1911இல் சியால்கோட் பகுதியில் பிறந்த ஃபைஸ், அம்ரித்சரில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் மார்க்ஸியத்தை அறிந்தார். முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தை வளர்த்தோருள் அவரும் ஒருவர். பாசிசத்தை முறியடிப்பதே முதற்கடமை எனக் கருதி 1942இல் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சேர்ந்து லெப்டினன்ட் கேணல் தரம்வரை உயர்ந்தார். இந்தப் படைநட்புகளே பின்னர் வினையாயின.

சதி உண்மையா? மேஜர் ஜெனரல் அக்பர் கானின் இல்லத்தில் நடந்த கூட்டத்தில் ஃபைஸ் கலந்துகொண்டார், ஆட்சிமாற்றம் பேசப்பட்டது. ஆனால், திட்டத்தைக் கைவிடுவதென்றே அங்கு முடிவானது என்பது குற்றஞ்சாட்டப்பட்டோரின் தரப்பு. ஜெனரல்களின் துணையோடு புரட்சி காணலாம் என்ற நினைப்பு இடதுசாரிகளின் பெரும் மயக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அரசு நடந்துகொண்ட முறைக்கு அது நியாயமாகாது. இவ்வழக்குக்கென்றே தனிச்சட்டம் இயற்றி, ஹைதராபாத் (சிந்து) சிறைக்குள் மூடிய கதவுகளின் பின்னே விசாரணை நடத்தினார்கள். ஃபைஸுக்காக வாதாடியவர் எச். எஸ். சுஹ்ரவர்தி, 1956இல் பாகிஸ்தானின் பிரதமரானவர் அவரே!

ஆரம்பத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் தனிமைச் சிறை. எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. மரணதண்டனை கிடைக்கலாம் என்ற அச்சம் வேறு. எழுத முடியாதவர் மனத்திலேயே கவிதை கட்டினார். 'தஸ்தே சபா' தொகுதி 1952இல் வெளிவந்தபோது கவிஞர் சிறையிலேயே இருந்தார். அடுத்த தொகுதிக்கு 'சிந்தான் நாமா' என்று பெயர். சிறை ஏடு என்று பொருள் கொள்ளலாம். காதலியை விளிக்கும் கஸல் மரபின் பழைய சொற்களை அவர் மாற்றவில்லை. அந்தக் காதலி நாடாகவும் விடுதலையாகவும் மாறியிருந்தாள். தணிக்கையாளன் எந்தச் சொல்லை வெட்டுவான்?

வெளியே, ஆங்கிலேயப் பெண்ணான மனைவி அலிஸ் இரு பெண்பிள்ளைகளோடு தனித்து நின்றார். கணவரின் பத்திரிகையிலேயே வேலை பார்த்தார். இருவரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டனர். தமது கடிதங்களை ஃபைஸே பிற்காலத்தில் உருதுவாக்கி நூலாக்கினார். 1952இல் அவரைப் பார்க்க ஹைதராபாத் வந்த தமையனார் அங்கேயே மாரடைப்பால் காலமானார். தம்மைக் காண வந்தவரை இழந்த துயரைத் தம்பி இரங்கற்பாவாகச் சிறையிலிருந்தே பாடினார். வழக்கின் ஏடுகளில் இந்தத் தண்டனைக்கு இடமில்லை.

நான்காண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 1955 ஏப்ரலில் விடுதலையானார். அதோடு முடியவில்லை. 1958இல் தாஷ்கண்டில் ஆசிய ஆபிரிக்க எழுத்தாளர் மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது ஊரில் அயூப் கானின் இராணுவ ஆட்சி வந்தது. திரும்பினால் என்ன நடக்கும் என்பது தெரிந்தும் திரும்பினார், மீண்டும் சிறை. 1959 ஏப்ரலில், அவர் வெளிவந்த அதே மாதத்தில், 'பாகிஸ்தான் டைம்ஸ்' நிறுவனத்தையே இராணுவ அரசு கையகப்படுத்தியது. ஆசிரியரைச் சிறைவைப்பதைவிடப் பத்திரிகையை விழுங்குவது எளிதென்று ஆட்சியாளர் கற்றுக்கொண்ட ஆண்டு அது.

1962இல் லெனின் சமாதானப் பரிசு. ஜெனரல் ஸியாவின் காலத்தில் பெய்ரூட்டில் தங்கி, 'லோட்டஸ்' சஞ்சிகைக்கு ஆசிரியரானார். 1982இல் இஸ்ரேலியக் குண்டுகள் அந்நகரில் விழுந்தபின் தாயகம் மீண்டு, 1984 நவம்பரில் லாகூரில் மறைந்தார். ஈராண்டின்பின், ஸியா ஆட்சியிலிருக்கும்போதே, அதே லாகூரில் இக்பால் பானு அவரது பாடலொன்றைப் பாட, அரங்கின் கரவொலி பலமுறை பாட்டை நிறுத்தியது. ஒலிப்பதிவு இரகசியமாக எல்லை கடந்தது.