ஜனநாயகத்துக்காக ஒரு யுத்தம்

வரலாறு படித்த நாங்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஓயாமல் சண்டை போட்ட கேள்வி ஒன்று உண்டு. ஜனநாயகம் என்ற நல்ல லட்சியத்துக்காக ஓர் அரசு யுத்தம் செய்யலாமா? அதற்காகத் தன் மக்களையே அடக்கலாமா? பதில் தேட 1917-க்குப் போவோம், வாருங்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஜெர்மனி மீது போர் அறிவிக்கக் கோரினார். உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்க வேண்டும் என்றார். வெறும் வாய்ஜாலம் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. செனட்டில் 82-க்கு 6, பிரதிநிதிகள் சபையில் 373-க்கு 50 என்று தீர்மானம் நிறைவேறியது. மக்களாட்சி முறைப்படிதான் எல்லாம் நடந்தது!

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மே மாதம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். அதன்படி சுமார் 28 லட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஜூனில் உளவுச் சட்டம். 1918-இல் அரசை இழித்துப் பேசுவதே குற்றம் என்று இன்னொரு சட்டம். அதாவது, வாயைத் திறந்தால் உள்ளே!

அப்படி உள்ளே போனவர் யூஜின் டெப்ஸ். 1912-இல் வில்சனை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்ற சோஷலிஸ்ட் தலைவர். 1918 ஜூனில் ஒஹையோவில் போரை எதிர்த்துப் பேசியதற்குப் பத்தாண்டு சிறை. உச்ச நீதிமன்றமும் அதை ஒருமனதாக உறுதி செய்தது. போர் முடிந்த பிறகும் வில்சன் மன்னிக்கவில்லை. 1920-இல் அட்லாண்டா சிறையில் 9653-ஆம் எண் கைதியாக இருந்தபடியே டெப்ஸ் மறுபடியும் தேர்தலில் நின்றார். ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு! 1921 கிறிஸ்துமஸ் அன்று அவரை விடுவித்தவர் அடுத்த ஜனாதிபதி ஹார்டிங்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் வருகிறார். மதுரை மாவட்டத்துக்காரர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர். அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டிருந்த 1917 ஜூனில் அவர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதாக வாக்களித்தால் மூன்றே மாதத்தில் 50 லட்சம் வீரர்கள் வருவார்கள் என்றார். ஜனநாயகத்துக்குத்தானே யுத்தம், எங்களுக்கு எங்கே அது என்பதுதான் அதன் சாரம். பலன்? பிரிட்டிஷ் அரசின் கண்டனம். தன் 'சர்' பட்டத்தைத் தூக்கி எறிந்தார் ஐயர். போர் முடிந்து 1919-இல் நமக்குக் கிடைத்தது ரௌலட் சட்டம், அடுத்து ஜாலியன்வாலாபாக்.

அப்படியானால் எந்தப் போரும் கூடாதா? ஹிட்லரைப் பேச்சுவார்த்தையால் நிறுத்தியிருக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போரிலும் அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆனது.

ஆக, லட்சியம் உயர்ந்தது என்பது மட்டும் போதாது. படையெடுத்து வருபவனைத் தடுக்க ஆயுதம் தேவைப்படலாம். மேடையில் பேசுகிறவனைத் தடுக்க எதற்கு? போர் நியாயமானது என்றால் டெப்ஸின் பேச்சுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். ஐயரின் கேள்விக்கும்தான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, எந்த அரசாவது ஜனநாயகத்தின் பெயரால் போர் முரசு கொட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே எதிர்த்துப் பேசியவர் எங்கே இருக்கிறார்? யாருக்காகப் போர் என்கிறார்களோ, அவர்களைக் கேட்டார்களா? பதில் வராத இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.