பிடித்தவர் பெயரும் நிறுத்தியவர் பெயரும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கபடித் தடுப்பாட்டக்காரரை மதிப்பிடும் முறை மாறிய வரலாறு

கபடியில் ஒரு ரெய்டர் எதிரணிக் களத்தில் புகுந்து மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அவர் பெயரில் மூன்று புள்ளி ஏறுகிறது. அதே ரெய்டரை ஏழு பேர் சேர்ந்து மடக்கினால் அணிக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. களத்தில் மூவரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்ற கணக்கில் இன்னொரு புள்ளி சேரும். அதற்கு மேல் இல்லை. அந்தப் புள்ளியும் பிடியைத் தொடங்கியவர் பெயருக்கே போகிறது. ரெய்டரின் இடுப்பைத் தள்ளி நிறுத்தியவர், நடுக்கோட்டுக்குப் போகும் வழியை மறித்தவர், கை நீட்ட விடாமல் அமுக்கியவர் ஆகியோரின் உழைப்பு பட்டியலில் ஏறுவதில்லை. ஊர்ப் பெரியவரும் உடற்கல்வி ஆசிரியரும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், புரோ கபடி லீக்கின் ஏலம் எண்களால் தேர்ந்தெடுக்கும் காலம் வந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் மதிப்பீடு பல வகையில் நேர்மையாகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுப்பாட்டக்காரரை, குறிப்பாக ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே கவர் நிலையில் நிற்பவரை, அது முன்பைவிடக் குறைவாகவே காண்கிறது. இந்த இழப்பு தவிர்க்கக்கூடியது என்பதும், அதைத் தவிர்க்கத் தகுந்த இடம் பல்கலைக்கழகக் களமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதே சிக்கலை அமெரிக்கக் கால்பந்து நீண்டகாலமாகச் சந்தித்துவருகிறது. அங்கே பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் ஐந்து பேர் சுவர்போல் நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம். அவர்கள் பெயருக்கு எதிரே எழுத ஓட்டமும் இல்லை, கோலும் இல்லை. தவறு செய்தால் மட்டும் பெயர் தெரியவரும். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே 1936இல் தொடங்கியது. தேர்வுக்கு முன் வீரர்களை ஓரிடத்தில் கூட்டிச் சோதிக்கும் முகாம் 1982இல்தான் வந்தது. 1985இல் ஜோ தைஸ்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால், தாக்குதலில் முறிந்து அவர் ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காக்கும் இடது முனைத் தடுப்பாளரின் மதிப்பு அதன் பிறகான ஆண்டுகளில் எப்படி உயர்ந்தது என்பதை மைக்கேல் லூயிஸ் 2006இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். இரண்டு ஆட்டங்களும் ஒன்றல்ல. அங்கே முன்வரிசைக்காரர் 130 கிலோவைத் தாண்டியவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே மூத்தோர் ஆண்கள் கபடியில் எடை 85 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த வேறுபாடு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. உடல் பருமனால் ஒருவரே தடுத்துவிட முடியாத ஆட்டத்தில் தடுப்பு என்பது சேர்க்கையால் மட்டுமே நடக்கும். ஆகவே தனியாளை மட்டும் அளக்கும் அளவுகோல் அமெரிக்கக் கால்பந்தில் தவறுவதைவிட இங்கே அதிகமாகத் தவறும்.

கடலூர் மாவட்டத்தில் கபடி வீரரை முதலில் கண்டுகொண்டவை ஊர் அணிகள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் அறுவடை முடிந்த தை மாதத்திலும் கோயில் திருவிழாவை ஒட்டியும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடப்பது இன்றும் வழக்கம். அந்தக் களத்தில் தேர்வாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அணித்தலைவரும் பழைய ஆட்டக்காரர்களும்தான் முடிவெடுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவனைப் பார்த்துவந்தவர்கள் என்பதால், யார் பக்கத்தில் நிறுத்தினால் அவன் நன்றாகப் பிடிப்பான், யாரோடு நிறுத்தினால் தயங்குவான் என்பது அவர்களுக்குத் தெரியும். மதிப்பீட்டின் அலகு தனியாள் அல்ல, சோடி. இந்த முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. பார்க்கும் கண் ஊருக்குள்ளும் உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் கட்டுண்டிருந்தது. சேரிப் பையன் ஊர் அணியில் இடம்பெறுவதும், இடம்பெற்றாலும் எந்த நிலையில் நிற்கிறான் என்பதும் ஆட்டத் திறனால் மட்டும் முடிவாகவில்லை.

அந்தக் கட்டை ஓரளவு தளர்த்தியது கல்விக்கூடம். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவான பிறகு விதிகள் ஒருமுகப்பட்டன. 1961இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் பட்டியலில் கபடி சேர்ந்தது. சிதம்பரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விடுதிகளோடு கூடியது. பல மாவட்டத்து மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் இடம். ஊர் பேதம் தெரியாதவர்கள் மாலைதோறும் சேர்ந்து ஆடும்போது, தடுப்பாட்டத்துக்கு வேண்டிய பழக்கம் தானாக அமைந்துவிடும். அதைவிட முக்கியமானது அங்கிருந்த உடற்கல்விப் படிப்பு. அது உருவாக்கிய ஆசிரியர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய் அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கும் கண்களாக ஆனார்கள். ஊர்க்காரரின் நீண்டகால அறிமுகமும் வெளியாளின் பொது நோக்கும் ஒருசேர வாய்த்தவர் உடற்கல்வி ஆசிரியர் மட்டுமே என்பது என் கணிப்பு. மாவட்டத்தின் மற்ற கல்லூரிகளின் கதை வேறு. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியிலும் சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும், 2002க்குப் பின் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்தார்கள். பல்கலைக்கழக அணிக்குள் நுழைய அவர்கள் தொலைவூர்த் தேர்வில், ஓரிரு நாளில், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று ஆடிக்காட்ட வேண்டும். 2021இல் எடுக்கப்பட்ட அரசு முடிவால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. நிர்வாக மாற்றமாக மட்டுமே பேசப்பட்ட இது, கபடிக்கு வேறொரு வாசலைத் திறந்திருக்கிறது. கடலூர்ப் பையனைத் தேர்ந்தெடுக்கும் களம் பக்கத்துத் தாலுகாவுக்கு வந்துவிட்டது.

கல்லூரிக்குப் பிறகு அன்றைய வீரருக்கு இருந்த வழி வேலைவாய்ப்பு. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கி ஆகியவை தங்கள் அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடுத்தன. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் மின்வாரிய அணியில் வளர்ந்தவர். இந்தத் தேர்வுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிரந்தர வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஒருவரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு எடுக்கிறது. இந்த ஆண்டு எத்தனை புள்ளி எடுப்பான் என்பதோடு, ஆண்டுகள் போனாலும் அணியில் ஒட்டுவானா என்பதும் அங்கே கேள்வியாக இருந்தது. நிதானமான தடுப்பாட்டக்காரருக்கு இது சாதகமாக இருந்தது.

2014இல் எல்லாம் மாறியது. அவ்வாண்டு நடந்த முதல் புரோ கபடி ஏலத்தில் அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.80 லட்சம் ரூபாய். நான்கே ஆண்டில், 2018 ஏலத்தில், ஆறு பேர் ஒரு கோடியைத் தொட்டனர் அல்லது தாண்டினர். முதலிடம் 1.51 கோடி பெற்ற ரெய்டர் மோனு கோயட்டுக்கு. அந்த ஆறு பேரில் முழுத் தடுப்பாட்டக்காரர் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி ஒருவரே. அவருக்குச் சரியாக ஒரு கோடி. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி ரெய்டர் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தது. கடலூர்க் கிராமத்துப் பையன் இந்தத் தொகைகளைக் கைப்பேசியில் பார்க்கிறான். ரெய்டராக வேண்டும் என்று அவன் நினைப்பதில் வியப்பில்லை. பயிற்சிக்கு வருபவர்கள் பாடிப் போகவே விரும்பினால், இன்னும் பத்தாண்டில் ஊர் அணிகளில் கவர் நிலையை மனமுவந்து ஏற்பவர் அருகிவிடுவார் என்ற கவலை எனக்கு உண்டு.

கவர் செய்வது என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓரங்களில் நிற்கும் கார்னர்கள் ரெய்டரின் கணுக்காலையோ தொடையையோ குறிவைப்பவர்கள். கார்னருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையே இருப்பவர் கவர். ரெய்டர் கார்னரை நோக்கிச் சாயும்போது கவர் ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். உண்மையில் அவர் ரெய்டரின் எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தபடி, அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியைச் சுருக்கிக்கொண்டிருப்பார். கார்னர் காலைப் பற்றிய மறுநொடியில் மோதி நிறுத்துவதோ மறிப்பதோ அவர் வேலை. அந்த மோதல் அரை நொடி தாமதித்தால் ரெய்டர் காலை இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்தவரும் தொட்டவர்களும் வெளியேறுவார்கள். முந்திக்கொண்டு பாய்ந்தால் அதுவும் இலவசப் புள்ளிதான். ஆகவே கவரின் திறமையில் பாதி, போகாமல் இருப்பது. ரெய்டர் ஒருவரையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்புவது தடுப்பாட்டத்தின் வெற்றி. ஆனால் அதற்கு எவர் பெயரிலும் புள்ளி இல்லை. அப்படி இரண்டு முறை வெறுமையாய்த் திரும்பிய அணி மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ரெய்டர் வெளியேற வேண்டும். அந்த மூன்றாவது ரெய்டில் அவரைப் பிடிப்பவருக்குப் புள்ளி எழுதப்படுகிறது. முதல் இரண்டில் ரெய்டரை நெருங்க விடாமல் வரிசையைக் கலையாமல் வைத்திருந்தவருக்கு எதுவும் இல்லை. அவர் பாய்ந்து தோற்ற பிடிகள் மட்டும் தவறாமல் எண்ணப்படுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏலம் தடுப்பாட்டத்தை மதிக்கவில்லை என்றால் 2023இல் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூவுக்கு 2.35 கோடி எப்படிக் கிடைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷாத்லூ இடது கார்னர். பிடியைத் தொடங்குபவர், தேவைப்பட்டால் பாடியும் போகிறவர். அவருடைய ஆட்டம் எண்களில் தெரியும் ஆட்டம். அவருடைய விலை தடுப்பாட்டம் முழுமைக்கும் கிடைத்த மதிப்பு அல்ல. தடுப்பாட்டத்தில் எண்ணப்படும் பகுதிக்குக் கிடைத்த மதிப்பு. இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கண்ணால் தேர்ந்தெடுத்த காலத்தில்தான் சாதியும் சிபாரிசும் நுழைந்தன. எண்ணுக்குச் சாதி தெரியாது. பிறகு ஏன் எண்ணைக் குறை சொல்ல வேண்டும்? இதை நான் முழுமையாக ஏற்கிறேன். பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று கோருவது, அதனால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. என் கோரிக்கை, எண்ணுவதைக் கூட்ட வேண்டும் என்பது. இன்று எண்ணப்படாத உழைப்பு எண்ணப்பட்டால், சிபாரிசு இல்லாத பையனுக்கும் அது சான்றாகும். மூன்றாவதாக, சிறந்த தடுப்பாட்டக்காரர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்பார்கள். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த நிலையில் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணித்தலைவராகக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவர் லீக் தொடங்குவதற்கு முன்பே, பழைய தேர்வு முறைகளில் உருவாகி வந்தவர். அந்த வயதில் அவரிடம் இருந்தது ஆட்டத்தைப் படிக்கும் திறன். இருபது வயதுச் சேரலாதன் ஒருவர் இன்று முகாமுக்கு வந்தால் அவரிடம் அதை அளக்க எந்தச் சோதனையும் இல்லை.

சோதனைகள் எதை அளக்கின்றன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உலகத் திறனாய்வுத் திட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களை ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் ஆகியவற்றால் தேர்ந்தெடுக்கிறது. பொதுவான உடல்திறனை அறிய அது பயன்படும். கபடித் தடுப்பாட்டத்துக்குரிய எதிர்வினை வேகமும், சோடியோடு இயையும் திறனும் அதில் வெளிப்பட வழியில்லை. 2017இல் லீக் தொடங்கிய புதிய வீரர் தேடல் திட்டம் கபடிக்கென்றே அமைந்தது. ஆனாலும் முன்பின் சேர்ந்து ஆடாதவர்களைக் கலந்து நிறுத்திப் பார்க்கும் எந்த முகாமிலும் ரெய்டர் தன் திறனை முழுதாகக் காட்டலாம், கவர் காட்ட முடியாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேர்வு முகாம் பிறந்ததன் முதல் நோக்கம் மருத்துவப் பரிசோதனை. ஓட்டமும் எடை தூக்குதலும் அதற்கு அடுத்தவையே. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த கிராமப் போட்டியில் கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சாய்ந்து உயிரிழந்தார். இதயமும் தலையும் முழங்காலும் மோதலைத் தாங்குமா என்று பார்க்காமல் ஒருவரைக் களத்தில் இறக்குவதை மதிப்பீடு என்றே சொல்லக் கூடாது. புள்ளிக் கணக்கைத் திருத்துவதைவிட அவசரமானது இது.

புள்ளிக் கணக்கைத் திருத்துவதற்கான கருவியோ ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிராமத்து மின்னொளிப் போட்டிகள் பலவும் இன்று யூடியூப்பில் நேரலையாகப் போகின்றன. பதிவுகள் அழியாமல் கிடக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி ஆய்வு மாணவர்கள் இவற்றைப் பார்த்து, ஒவ்வொரு ரெய்டிலும் பிடியைத் தொடங்கியவரோடு இரண்டாவதாக வந்து சேர்ந்தவரையும் குறிக்கலாம். ஒருவர் நிற்கும் பக்கம் எத்தனை ரெய்டுகள் வெறுங்கையோடு திரும்பின, எந்தக் கார்னரோடு நின்றபோது பிடி அதிகம் வெற்றி பெற்றது என்பதையும் எழுதலாம். ரெய்டரின் கால் தடுமாறியதால் திரும்பிய ரெய்டா, மறிக்கப்பட்டதால் திரும்பியதா என்று பிரிப்பது கடினம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதி ஒப்பிட்டால் அந்தப் பிழை குறையும். மண் களத்தில் வெறுங்காலோடு ஆடியதையும் விரிப்பில் காலணியோடு ஆடியதையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. காலணியின் பிடிப்பால் ரெய்டர் திரும்பும் வேகம் கூடுகிறது. மண்ணில் சரியான நேரத்தில் வந்த கவர், விரிப்பில் தாமதமாக வந்தவராகிவிடுவார். நான்கு மாவட்டக் கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு வருபவர்களைத் தனித்தனியாக அல்லாமல், அவரவர் கல்லூரியில் உடன் நிற்கும் கார்னரோடு சோடியாக ஒரு சுற்றும், கலந்து ஒரு சுற்றும் ஆடவிட்டு இரண்டையும் பதிவு செய்யலாம். முதல் சுற்றில் அவர் இதுவரை என்ன கற்றார் என்பது தெரியும். இரண்டாம் சுற்றில் புதியவரோடு எவ்வளவு விரைவில் இயைகிறார் என்பது தெரியும். ஏலத்தில் வாங்கும் அணி கடைசியில் அறிய விரும்புவதும் இந்த இரண்டாவதைத்தான்.