மாட்டுங்கா ஃபில்டர் காபி: உங்கள் டம்ளரில் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு?

மும்பைக்கு வேலைக்கு வந்த புதிதில் நம்மில் பலர் செய்யும் காரியம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் இறங்கி ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. 'அப்பாடா, நம்ம ஊர் காபி' என்று தோன்றும். ஆனால் அந்த ருசியில் காபிக்கொட்டையின் பங்கு எவ்வளவு, சிக்கரியின் பங்கு எவ்வளவு? இது தெரிந்தால், பொடிக்குக் கொடுக்கிற காசு எதற்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இது எந்த ஊர் காபி?

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலைக் குறைக்க 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது உருவாக்கிய தாதர், மாட்டுங்கா குடியிருப்புகளில் ஏராளமான தென்னிந்தியர்கள் குடியேறினார்கள். அவர்களுக்கு ஹோட்டல் நடத்த வந்தவர்களில் பலர் உடுப்பி, மங்களூர் பக்கத்துக்காரர்கள். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸுக்குப் பெயரில்தான் மெட்ராஸ். நடத்துவது கர்நாடகக் கரையோரத்துக் காமத் குடும்பம். இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் விளைவதும் கர்நாடகத்தில்தான். ஆக, நம்ம ஊர் காபியில் பாதி கன்னடம்!

கொட்டையில் என்ன வித்தியாசம்?

அராபிகா என்றால் மணமும் லேசான புளிப்பும். ரோபஸ்டா என்றால் கசப்பும் கனமும். கஃபீனும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடையில் 'பிளான்டேஷன்' என்றால் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. 'பீபெரி' என்பது தனி ரகம் அல்ல. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி.

சிக்கரி கலப்படமா?

இல்லை. அது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, அரைப்பார்கள். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் கஃபீன் கிடையாது. காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவதால் டிகாஷன் கெட்டியாக, கருப்பாக இறங்கும். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம். ஆனால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும். சொல்லாமல் கலந்தால்தான் தப்பு.

ருசி பார்ப்பது எப்படி?

மாட்டுங்கா மார்க்கெட்டிலோ செம்பூரிலோ, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் ஒரே கொட்டையில் மூன்று விதமாக நூறு நூறு கிராம் வாங்குங்க: சிக்கரி இல்லாதது, 80:20, 60:40. மூன்றையும் ஒரே அளவு பொடி, ஒரே அளவு வெந்நீரில் இறக்குங்க. டிகாஷனில் கொஞ்சம் வெந்நீர் மட்டும் விட்டு, பால், சர்க்கரை இல்லாமல் முதல் வாய் குடிச்சுப் பாருங்க.

சிக்கரி இல்லாதது: நிறம் செம்பழுப்பு, டிகாஷன் நீர்த்திருக்கும். வாசனைதான் முதலில் வரும். நாக்கின் ஓரத்தில் சாத்துக்குடி மாதிரி ஒரு புளிப்பு தட்டிவிட்டுச் சீக்கிரம் மறையும்.

80:20: புளிப்பு அடங்கியிருக்கும், வாய் நிறைந்த மாதிரி இருக்கும். பால் விட்டாலும் காபி மணம் நிற்கும்.

60:40: ஏறக்குறைய கருப்பு. முதலில் வெல்லப்பாகு போல ஒரு இனிப்பு, பிறகு தொண்டையில் தங்கும் கசப்பு. மணத்தில் கருகிய சர்க்கரை வாசம் முன்னால் நிற்கும்.

இப்போது மூன்றிலும் பால் சேருங்க. சிக்கரி இல்லாதது வெளிறிப்போகும்; 60:40 'ஸ்ட்ராங்'காகத் தெரியும். ஏமாறுவது இங்கேதான். நாம் ஸ்ட்ராங் என்று சொல்வது பல நேரம் நிறத்தையும் கெட்டித்தன்மையையும்தான். நைட் ஷிஃப்டில் தூக்கம் கலைய 60:40 குடித்தால், அதில் கஃபீன் தருவது அந்த 60 பங்கு மட்டுமே.

வீட்டிலேயே சோதிக்கலாமா?

கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடி தூவுங்க. கலக்க வேண்டாம். காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி அடியில் இறங்கும். சரியான சதவீதம் இதில் தெரியாது. 'ப்யூர்' என்று விற்றது உண்மையா என்பது தெரியும்.

பாக்கெட்டில் எதைப் படிப்பது?

ஜப்பானில் கின்ஜோ ரக சாக்கே பாட்டிலில், அரிசியைத் தீட்டியபின் எத்தனை சதவீதம் மிச்சம் என்று அச்சிட்டிருக்கும். 60 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே என்றால் டைகின்ஜோ. குடிப்பவர்கள் பிராண்டோடு அந்த எண்ணையும் பார்க்கிறார்கள். நம் காபி பாக்கெட்டிலும் அப்படி ஒரு எண் இருக்கிறது. விலையை ஒப்பிடும் முன் அதைப் பாருங்க. 53:47 பாக்கெட்டும் 80:20 பாக்கெட்டும் ஒரே விலை என்றால், முதலாவதில் நீங்கள் காபி விலை கொடுத்து வேர் வாங்குகிறீர்கள்.

60:40-தான் பிடிக்கிறதா? தாராளமா குடிங்க, ருசி உங்களுடையது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்க.